பாலசமுத்திரத்து அம்மா நடந்த கடற்கரை

எங்கள் ஊர்ப் பெயரிலேயே சமுத்திரம் இருக்கிறது. ஊரில்தான் கடல் கிடையாது. பழனிக்குப் பக்கத்தில், கொடைக்கானல் மலை வந்து இறங்கும் அடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடல் வெகு தூரம். பெரிய ஏரி ஒன்றை வெட்டி, அதற்குச் சமுத்திரம் என்று பேர் சூட்டி, ஊரையும் அந்தப் பேராலேயே அழைப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம் என்று தெற்கே எத்தனையோ ஊர்கள். எங்களுக்கு ஏரிக்கரையும், பாலாறு–பொருந்தலாறு அணையின் கரையும்தான் கடற்கரை. சாயங்காலம் மலையிலிருந்து காற்று இறங்கும்போது அணையில் அலை தளும்பும். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு, கடலும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த மண்ணுக்கும் கடலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துப் பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் அகழாய்வு நடந்தது. தமிழி எழுத்துப் பொறித்த பொருளும், பானை நிறைய நெல்லும், ஏராளமான கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று ஆய்வகம் சொன்னது. மேற்குக் கடற்கரைத் துறைமுகத்தையும் மதுரையையும் இணைத்த பெருவழி இந்த அடிவாரத்தைத் தொட்டுச் சென்றது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்திலேயே கடல்வரை நடந்திருப்பார்கள் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

நான் நடக்கவில்லை. திருவான்மியூரில் பத்து வருஷம் குடியிருந்தும், எல்லோரையும் போல வண்டியை நிறுத்தி, சுண்டல் வாங்கித் தின்று, காலை நனைத்துக்கொண்டு திரும்பியவன்தான். அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்து தங்கினாள். எழுபது வயதைத் தாண்டியவள். ராமேஸ்வரத்திலும் திருச்செந்தூரிலும் தீர்த்தமாடியதைத் தவிர அவளுக்குக் கடலோடு பழக்கமில்லை. ஆனால் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஆயுசு முழுக்க நடந்த கால்கள். மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பி, "கண்ணு, இந்தக் கரை எங்கிருந்து ஆரம்பிக்குது, எங்க போயி முடியுது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நாங்கள் நடக்க ஆரம்பித்தோம்.

உடைந்த பாலத்திலிருந்து

வடக்கே அடையாற்றின் முகத்துவாரத்திலிருந்து தெற்கே நீலாங்கரை வரை ஏழு எட்டு கிலோமீட்டர் இருக்கும். இடையில் ஊரூர் குப்பம், பெசன்ட் நகர், ஓடைக் குப்பம், திருவான்மியூர்க் குப்பம், கொட்டிவாக்கம், பாலவாக்கம். ஒரே நாளில் நடந்து முடித்துவிடலாம். நாங்கள் ஒரு வருஷம் நடந்தோம்.

முதல் நடை, உடைந்த பாலத்துக்கு. ஆற்றின் இரு கரையிலும் இருக்கும் மீனவக் குப்பங்கள் போய்வர 1967இல் கட்டிய நடைபாலம் அது. பத்தே வருஷத்தில், 1977இல், வெள்ளம் நடுப்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருக்கும் துண்டு ஆற்றின் மேல் பாதியில் நிற்கிறது. படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் பாலத்தைத்தான் பார்க்கிறார்கள். அம்மா ஆற்றைப் பார்த்தாள். கோடை தொடங்கியிருந்த நேரம். ஆற்றுவாயை மணல் கிட்டத்தட்ட மூடியிருந்தது. "மதகு அடைச்ச மாதிரி நிக்குதே தண்ணி. இதை ஆரு தொறப்பாங்க?" என்றாள். பல வருஷம் இயந்திரம் கொண்டு மணலை வெட்டித்தான் திறக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறே உடைத்துக்கொண்டு போய்விடும். கடல் மணலைக் கொண்டுவந்து மூடுவதும், ஆறு அதைத் தள்ளித் திறப்பதும் காலங்காலமாக நடக்கிற வழக்கு. அந்தச் சேற்றுத் திட்டில் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்துகின்றன. ஆலாக்கள் கூட்டமாக ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மாநகரத்தின் கழிவு வந்து சேரும் ஆற்றின் வாயில், வடதேசத்துப் பறவைகள் இன்னும் நம்பி வந்து இறங்குகின்றன என்பதைப் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஊரூர் ஆல்காட் குப்பம். பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட்டின் பேர் அது. 1894இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்தவர். அதே சபையின் அன்னி பெசன்ட் பேரில்தான் பக்கத்து நகர். நகரின் மனைகள் போடப்படுவதற்கு வெகு காலம் முன்பே குப்பம் இருந்தது. இதை இங்கே குடிவந்த நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நமக்குக் கடற்கரை காற்று வாங்கும் இடம். அவர்களுக்கு வலை காயும் களம், படகு ஏறும் துறை, மீன் விற்கும் சந்தை, பிள்ளைகள் விளையாடும் திடல்.

அம்மா அங்கே நின்றுவிட்டாள். மணலில் விரித்த தார்ப்பாயில் மீனைக் கூறுகட்டி வைத்திருந்த ஓர் அம்மா, "எந்த ஊரும்மா உங்களுது?" என்று கேட்டார்.

"பாலசமுத்திரமுங்க. பழனிக்குப் பக்கம்."

"சமுத்திரமா? அங்க இன்னா மீனு படும்?"

"கடல் இல்லீங்க, டேம்தானுங்க. கட்லா, ரோகு, ஜிலேபி."

அந்த அம்மா சிரித்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டினார். இது காரப்பொடி, இது சுதும்பு, இது கிழங்கா, இது நெத்திலி. காரப்பொடியின் வயிறு வெள்ளித்தகடு போல வெயிலில் மின்னியது. செவுளைக் கட்டைவிரலால் தூக்கி உள்ளே சிவப்பைக் காட்டி, "விடிய வந்தது" என்றார். அம்மா வெங்காயம் பார்ப்பது மாதிரி அழுத்திப் பார்த்து வாங்கினாள். அன்றிலிருந்து எங்கள் காலை நடை அந்தத் தார்ப்பாயில் போய்த்தான் முடிந்தது.

பக்கத்தில் படகு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம்தான் நான் கடலைப் படித்தேன். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்று பேர். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. வாடை அடிக்கும் மாதங்களில் கடல் கரையை அரித்துக்கொண்டு போகும், காற்றுத் திரும்பியதும் கொண்டுவந்து போடும். "மணலு போச்சேன்னு பயப்படக் கூடாது தம்பி. அது திரும்ப வரும். வர்ற எடத்துல நாம சொவரு கட்டிட்டா எங்க வரும்?" என்றார். நீரியல் பாடப்புத்தகம் ஒரு அத்தியாயத்தில் சொல்வதை அவர் ஊசியைக் கீழே வைக்காமல் சொல்லி முடித்தார்.

அவர் சொன்னதற்குச் சான்று வெகு தூரத்தில் இல்லை. நம் கிழக்குக் கரையில் வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கித்தான் அதிகம் நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தைக் கல்லைக் கொட்டிக் கட்டினார்கள். தெற்கிலிருந்து போன மணல் அங்கே முட்டி நின்றது. அப்படித் தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமாயிற்று. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம் பக்கம் கரை கரைந்து, வீடுகள் போய், கடைசியில் கல்லைக் கொட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. மெரினாவில் உட்கார்ந்து நாம் சுண்டல் தின்னும் மணல், வடசென்னை இழந்த மணல்.

காலடியில் இருப்பது

பெசன்ட் நகர் கடற்கரைக்கு எலியட்ஸ் பீச் என்று பேர், வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் ஒருவர் நினைவாக. நடுவில் வெள்ளை வளைவாக நிற்பது ஷ்மிட் நினைவுச்சின்னம். 1930 டிசம்பர் 30ஆம் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன மனிதர் அவர். அதன் நிழலில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. அந்தக் கடல் இன்றும் அப்படித்தான். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். தயவுசெய்து கணுக்காலுக்கு மேல் இறங்காதீர்கள். தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில், அதைத் தாண்டி கடலைப் பார்த்தபடி அஷ்டலட்சுமி கோயில். இரண்டும் 1970களில் எழுந்தவை. இந்தக் கட்டடங்கள் எல்லோரும் அறிந்தவை.

எல்லோரும் அறியாதது, மணலில் இருக்கிறது. அம்மாவுக்குக் குனிந்து நடக்கும் பழக்கம். களை பறித்த முதுகு. அலை பின்வாங்கும் அந்த ஒரு நொடியில், ஈர மணலில் சின்னச் சின்ன மட்டிகள் நட்டுக்குத்தலாக நின்று, அடுத்த அலை வருவதற்குள் உள்ளே புதைந்துவிடுவதை அவள்தான் முதலில் கண்டாள். நூற்றுக்கணக்கில் ஒரே சமயம். கையில் ஒன்றை எடுத்தால் நகத்தளவு இருக்கும். ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று சந்தன நிறம், ஒன்றில் வெள்ளைக் கோடு. உள்ளங்கையிலேயே நாக்கை நீட்டிக் குழி தோண்டப் பார்க்கும். கீழே வைத்தால் மூன்று உந்தலில் காணாமல் போய்விடும். கொஞ்சம் மேலே, ஈரம் காய்ந்த இடத்தில் நண்டு வளை. வாசலில் சீடை மாதிரி உருட்டிப் போட்ட மணல் உருண்டைகள். இன்னும் மேலே அடப்பங்கொடி, ஆட்டுக் குளம்பு வடிவ இலையும் கத்தரிப்பூ நிறப் பூவுமாக. சங்கப் புலவர்கள் அடும்பு என்று அழைத்த அதே கொடி. அதற்குப் பக்கத்தில் ஊசி ஊசியாக நிற்கும் ராவணன் மீசை. இந்த இரண்டும்தான் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. மணல்மேடுதான் புயல் நேரத்தில் முதல் அணை. அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி இதைச் சுரண்டிவிட்டுக் கல் பதிப்பதைப் போன்ற அறியாமை வேறில்லை.

ஊரூர் குப்பத்துக் கரையில் இயற்கை ஆர்வலர் யுவன் ஏவ்ஸ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரை நடை போகிறார். கிளிஞ்சலையும் நண்டையும் ஒவ்வொன்றாகக் கண்டு பேர் சொல்லப் பழக்குகிறார். 2023இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலப் புத்தகம் முழுக்க இந்தக் கரையும் சதுப்பும்தான். அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, நடுக்கடலில் மிதந்து வாழும் நீல டிராகன் என்ற சின்ன உயிர் பெசன்ட் நகர் மணலில் வந்து கிடந்தது. தொட்டால் கொட்டும். 2019 ஆகஸ்டில் ஓர் இரவு, திருவான்மியூர் அலைகள் நீலமாக ஒளிர்ந்து ஊரே கூடிவிட்டது. நுண்ணுயிர்கள் பெருகினால் அப்படி மின்னும். அன்று நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

ஆமைக்காக நடந்த இரவு

குப்பத்தில் பங்குனி ஆமை என்பார்கள். ஜனவரியில் தொடங்கி, பங்குனி முடிய, கடலிலிருந்து கரையேறி முட்டையிட வரும் ஆமை. தான் பிறந்த கரைப்பக்கமே தேடி வரும். இந்தக் கரையில் ஆமைக்காக இரவில் நடக்கும் வழக்கம் 1970களின் தொடக்கத்தில், பாம்புப் பண்ணை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரது கூட்டாளிகளும் ஆரம்பித்தது. 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு விடாமல் நடக்கிறது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். சம்பளம் கிடையாது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர், பருவம் முழுக்க, இரவெல்லாம். வார இறுதிகளில் பொதுமக்களும் கூடப் போகலாம்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை இரவு அம்மாவும் நானும் போனோம். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, முன்னால் போகிறவரைத் தாண்டக் கூடாது என்றார்கள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பாலவாக்கம் தாண்டிய இடத்தில், முன்னால் போன பெண் கையை உயர்த்தினாள். மணலில் டிராக்டர் சக்கரம் போன மாதிரி ஒரு தடம், கடலிலிருந்து மேலே. பக்கத்திலேயே இன்னொன்று, மேலிருந்து கடலுக்கு. வந்து, முட்டையிட்டு, போய்விட்டது. அந்தப் பெண் ஒரு குச்சியை மெல்ல மெல்ல மணலில் இறக்கிப் பார்த்து, ஓரிடத்தில் மண் இளகியிருப்பதைக் கண்டுபிடித்து, முட்டிபோட்டு உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள். தோள் வரை கை உள்ளே போயிற்று. வாய் குறுகி வயிறு அகன்ற குழி, சொம்பு மாதிரி. பின்னங்கால் துடுப்பாலேயே ஆமை அதைத் தோண்டுகிறது என்றாள்.

ஒவ்வொரு முட்டையாக வெளியே வந்தது. பிங்பாங் பந்து அளவு, வெள்ளை, தோல் மாதிரி மெதுமெதுவென்று. அம்மா கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். அவள் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள், கோயிலில் பிரசாதம் வாங்குவது போல. "சூடா இருக்குது கண்ணு" என்று மட்டும் சொன்னாள். நூறுக்கு மேல் எண்ணினோம். அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி வெட்டி, வேலியிட்ட பொரிப்பகத்தில் வைத்துவிடுவார்கள். நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நாளில் குஞ்சு. மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண்.

ஏன் எடுத்து வைக்க வேண்டும், அங்கேயே விட்டால் என்ன என்று அம்மா கேட்டாள். நாய் தோண்டிவிடும். அதைவிடப் பெரிய காரணம் நம் வீட்டு விளக்கு. இரவில் பொரித்து வெளியே வரும் குஞ்சு, வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணிப் போகும். லட்சக்கணக்கான வருஷமாக அது சரியாகவே இருந்தது, இரவில் கடல்தான் நிலத்தைவிட வெளிச்சம். இப்போது சாலைதான் வெளிச்சம். குஞ்சு சாலைக்குப் போய் நசுங்குகிறது, அல்லது காலை வெயிலில் காய்கிறது.

இந்தக் கரையில் நடந்தவர்களில் ஒருவர் பேரை இங்கே சொல்லியாக வேண்டும். சதீஷ் பாஸ்கர். சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்தவர். கடல் இழுத்துக்கொண்டது. படிப்பை விட்டுவிட்டு ஆமைகளைத் தேடி இந்தியக் கடற்கரையில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் காலால் நடந்து கணக்கெடுத்தார். 1982இல் லட்சத்தீவுகளின் சுஹேலி தீவில் மழைக்காலம் முழுக்க ஒற்றை ஆளாகத் தங்கினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்த்து, வீடு போய்ச் சேர்ந்தது. 2023இல் சதீஷ் பாஸ்கர் காலமானார். இந்தியாவில் எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று இன்று நமக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பங்கு அவர் கால்கள் தந்தது. அவருக்கு நம் ஊரில் ஒரு தெருப்பெயர்கூட இல்லாதது சரியில்லை.

2025 ஜனவரி நடைகள் வேறு மாதிரி. சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒரு காலை நடையில் அம்மா பதினொன்று எண்ணினாள். கண் வெளியே பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது, ஆமை தப்பிச் செல்லும் சாதனத்தை வலையில் பொருத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. விதியை அன்றாடம் கடலில் செயல்படுத்தினால்தான் ஆமை பிழைக்கும், வழக்கு நடக்கும்போது மட்டும் ரோந்துப் படகு விட்டுப் பார்த்தால் போதாது. இதில் குப்பத்துச் சிறு படகுக்காரர்கள் மேல் பழி போடுவதும் தப்பு. அவர்கள் வலையையும் சேர்த்தே இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன.

மணல்மேட்டையும், ஆமை முட்டையிடும் கரையையும் கடலோர ஒழுங்குமுறை மண்டலச் சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. ஆனாலும் முகத்துவாரத்தின் மேலும் கடலோரமாகவும் சாலை போட, பாலம் கட்ட யோசனைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. குப்பத்துக்காரர்கள் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று தடுத்திருக்கிறார்கள். இந்தக் கரை இன்னும் மணலாக இருப்பதற்கு அவர்கள்தான் காரணம். பத்து நிமிஷம் சீக்கிரம் அலுவலகம் போவதற்காக அதைக் கொடுத்துவிடக் கூடாது என்பதே என் முடிவு.

அம்மா இப்போது பாலசமுத்திரத்தில். அணைக்கரையில் நடக்கிறாள். ஜனவரி பிறந்ததும் போன் வருகிறது: "ஆமை வந்துருச்சா கண்ணு?"

நீங்கள் சென்னையில் இருந்தால் ஒரு சனிக்கிழமை இரவு அந்தப் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். காலையில் ஊரூர் குப்பத்துத் தார்ப்பாயில் மீன் வாங்குங்கள். உங்கள் வீட்டு ஜன்னலோ மொட்டை மாடியோ கடலைப் பார்த்து இருந்தால், ஜனவரி முதல் மே வரை இரவு பதினொரு மணிக்கு மேல் அந்தப் பக்கத்து விளக்கை அணைத்துவிடுங்கள்.